பெயர் இருந்த இடம்

அத்தியாயம் 17

"ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறாளே, அந்தப் பல்லுக்காரிக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?" என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். "பதினாறு வாரமாகச் சொல்லப் போகிறாள், சொல்லப் போகிறாள் என்று இழுக்கிறீர்கள். நான் பேருந்தில் நின்றுகொண்டே படிக்கிறவள். எனக்குக் கால் வலிக்காதா?"

நியாயமான கோபம்தான் அம்மா. இன்றைக்குச் சொல்ல வைத்துவிடுகிறேன். வாருங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பல்லுக்காரிக்கு முப்பத்தொன்பது வயது. பல் ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாவது மாடியில், பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவள். 'பல்லுக்காரி' என்பது கணவன் கொஞ்சலாக வைத்த பெயர். வைத்தவன் ஐந்து வருடத்துக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பெயர் மட்டும் வீட்டில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அவள் இருப்பது நாத்தனாரோடு. கணவனின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். இருபத்தெட்டு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். முந்நூறு பெண்களை உள்ளே வைத்துப் பூட்டிய கை. இன்றைக்கும் எட்டரை மணிக்கு வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் விழுந்துவிடும். வீட்டில், தெருவில், மளிகைக் கடையில், எல்லோருக்குமே அவள் வார்டன்தான். இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் முதல் கண்ணுக்கு ஆபரேஷன்.

இனி அந்த லிஃப்ட்காரர். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதி மாடியில் நின்றபோது, பல்லுக்காரி ஒரு தட்டு நிறையப் பல்செட்டோடு நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, திறக்கிற வரை பேச்சை விடாமல் பேசிக்கொண்டிருந்த மெக்கானிக்தான் அவர். பேச்சு இன்னும் நிற்கவில்லை. திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். செவ்வாய்க்கிழமை அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

இன்றைக்குச் சனிக்கிழமை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாலு வரி என்றேன், அதிகமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

*

வருடத்துக்கு ஒருமுறை குடும்பக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற நாளும் இந்தச் சனிக்கிழமையாகவே அமைந்தது.

காரை ஓட்டியவன் கொழுந்தன், கணவனின் தம்பி, தனி வீட்டில் இருக்கிறவன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன், எல்லோருக்கும் 'மாஸ்டர்'. காரும் பள்ளிக் கார்தான். தலையில் பலகை, பக்கத்து இருக்கைக்குக் கீழே சொல்லித் தருகிறவருக்கென்று இன்னொரு பிரேக். பத்து வருடப் பழக்கத்தில் மாஸ்டரின் கால் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜையில் யாராவது வேகமாகப் பேசினால்கூட அது தரையை அழுத்தும்.

"அண்ணி, என்ன பையில இவ்வளவு கனம்?" என்றான், பல்லுக்காரியின் கைப்பையைப் பின்னிருக்கையில் வைத்தபடி.

"தண்ணி பாட்டில், தம்பி."

தண்ணீர் இருந்தது, பொய்யில்லை. அதற்கடியில் ரப்பர் கிண்ணம் ஒன்று, சின்னக் கரண்டி ஒன்று, பல் அச்சு வார்க்கிற மாவு ஒரு பொட்டலம். அந்த மாவில் கருஞ்சாம்பல் நிறம் கலந்து, கல்லின் புகைப்படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மூன்று நாள் திருத்தியிருந்தாள். அவள் கட்டிய ஒற்றைப் பல்லை, பக்கத்துப் பல்லிலிருந்து பல் டாக்டரே பிரித்துச் சொல்லத் திணறுவார். அவ்வளவு கைவேலைக்காரி.

எதற்கு மாவு? சொல்கிறேன்.

கணவனுக்குக் கல் வைத்தபோது அவன் பெயருக்குக் கீழே இவள் பெயரையும் செதுக்கிவிட்டார்கள். பெயர், பிறந்த வருடம், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு வெற்றிடம். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள், அழுது அழுது அரை உயிராக இருந்தாள். ஆனால் அழுகை ஒருநாள் வற்றியது. கோடு வற்றவில்லை. வருடாவருடம் வந்து, தன் சாவுக்கு விட்டிருக்கிற இடத்தைத் தானே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுப் போகிறாள்.

அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, மூன்று பேரும் இருக்கும்போது, 'நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்' என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அவனுக்கும் சேர்த்துச் சொன்னதாக இருக்கும். ஆனால் தன் பெயரைக் கல்லில் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல அவளால் முடியாது. முதலில் அது மூடப்பட வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். எனக்கும் தெரிகிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

*

கல்லறைத் தோட்டம் இப்போது ஒரு கோழிப் பண்ணைக்கு நடுவில் இருக்கிறது. சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் இரண்டு தலைமுறைக்கு முன்பே விற்றாகிவிட்டது. விற்ற பெரியவர், கல்லறைச் சுவருக்கு உட்பட்ட இடத்தையும் அங்கே போய்வர ஒற்றையடிப் பாதையையும் மட்டும் பத்திரத்தில் பிடித்து வைத்துக்கொண்டார். பண்ணைக்காரர்கள் பாதையை மறிக்க முடியாது. ஆனால் கோழிக்கு நோய் வந்துவிடும் என்று ஆயிரம் சட்டம் போடலாம், போட்டிருக்கிறார்கள்.

வாசலில் காரை நிறுத்திவிட்டு, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, தலைக்கு வலைத் தொப்பி, காலுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை. பதிவேட்டில் பெயர், உள்ளே வந்த நேரம், கையெழுத்து.

"செத்தவங்களைப் பாக்க வந்தா நம்மளையே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி பண்றானுங்க" என்றான் மாஸ்டர்.

"எனக்கு ஒத்திகை" என்றாள் வார்டன்.

கேட்காரர் சிரிக்கவில்லை. மூவரையும் எண்ணி உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்தினார். இரண்டு பக்கமும் நீளநீளமான கொட்டகைகள். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் முனகிக்கொண்டிருந்தன. பாதை நெடுக இறகு.

இடுப்பளவுச் சுவருக்குள் இருபத்திரண்டு கற்கள். பழைய கற்களில் எழுத்துப் பாதி கரைந்துவிட்டது. ஒன்றிரண்டு சாய்ந்து நிற்கின்றன. ஒரு கல்லில் பெயரே இல்லை, பெயர் வைப்பதற்குள் போன குழந்தை. மூலையில் புதிதாகக் கறுப்பாக இருப்பது பல்லுக்காரியின் கணவன். அவன் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்குப் புல்தரை. தோட்டத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடம் அதுதான்.

வார்டனுக்கு இங்கே சட்டங்கள் உண்டு. குழி மேல் கால் வைக்கக் கூடாது, கால்மாட்டு வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். கல்லுக்குப் பச்சைத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் மட்டும். சாய்ந்த கல்லைத் தனியாக நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. முக்கியமாக, கல்லில் இரும்பு படக் கூடாது.

மாஸ்டர் பையிலிருந்து கம்பி பிரஷ் ஒன்றை எடுத்தான். கண் தெரியாவிட்டால் என்ன, வார்டனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"என்னடா அது கிர்ர்ருங்குது?"

"பாசி போகணும்ல அக்கா."

"பாசியோட சேந்து தாத்தாவோட பேரும் போயிடும். குடு அதை."

அறுபதை நெருங்குகிறவள் கை நீட்ட, முப்பத்தேழு வயதுக்காரன் பள்ளிப் பையனைப் போல ஒப்படைத்தான்.

வேலை பிரிந்தது. பழைய கற்கள் பக்கம் அக்காவும் தம்பியும். கணவன் கல் பல்லுக்காரிக்கு. அது எப்போதும் அப்படித்தான், அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கல் சுவர் நிழலில் இருந்தது. தொட்டால் ஜில்லென்றது. துடைத்தாள், உலர்த்தினாள், கிண்ணத்தை மடியில் வைத்து மாவைக் கரைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க" என்று கணவனிடம் முணுமுணுத்தாள். "உங்க பேர்ல கை வைக்கலை. என்னோடதுதான்."

முதல் எழுத்தில் மாவை அழுத்தினாள். வழித்தாள். இரண்டாவது. மூன்றாவது. கைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. *சொல்லியாச்சா?* என்று லிஃப்ட்காரர். பதில் போட விரல் காலியில்லை. கடைசி எழுத்தையும் வழித்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்தபோது பெயர் இருந்த இடம் வெறும் கல்லாக இருந்தது. அவளுக்கே பகீரென்றது, அவ்வளவு சுத்தமாக மறைந்திருந்தது.

இனி வருடம். பிறகு கோடு.

"அண்ணி! வாங்க, படிச்சிரலாம்! வெயில் ஏறுது!"

கிண்ணத்தைப் பைக்குள் திணித்தாள். வருடமும் கோடும் அப்படியே நின்றன.

*

இந்தக் குடும்பத்தின் பழக்கம் இது. சுத்தம் செய்து முடித்ததும் முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை, ஒரு பெயர் விடாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிப்பது வார்டன். ஐந்து வருடமாக, இருபத்திரண்டு கல்லின் பெயர்களோடு உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பெயரும் சேர்த்துப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பல்லுக்காரி நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நிற்பாள்.

போன வருடம்வரை வார்டன் கண்ணால் படித்தாள். இந்த வருடம் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு, ஆள்காட்டி விரலால் எழுத்தைத் தடவித் தடவிப் படித்தாள்.

இதைப் பல்லுக்காரி யோசிக்கவே இல்லை. கண்ணை ஏமாற்றத்தான் மூன்று நாள் உழைத்திருந்தாள்.

ஒன்று, இரண்டு, பத்து, பதினெட்டு. பெயரில்லாத கல்லுக்கு வந்ததும் வார்டன் உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து, "தங்கம்" என்றாள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். இருபத்தொன்று. கடைசியாகத் தம்பியின் கல். அவன் பெயரைத் தடவிப் படித்தாள். வருடங்களைப் படித்தாள். விரல் கீழே இறங்கியது.

நின்றது.

பல்லுக்காரி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வார்டன் விரலை எடுத்து, கல்லின் ஓரத்தைத் தொட்டாள். திரும்பவும் அந்த இடத்தைத் தொட்டாள். இந்த மாவு இறுகும்போது சூடாகும். பல் அச்சு வார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜில்லென்றிருந்த கல்லில் ஒரு விரல் அகலத்துக்கு, ஒரு பெயர் நீளத்துக்கு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

வார்டன் திரும்பிப் பார்த்தாள். பார்வை தெளியாத கண், ஆனாலும் நேராக இவள் முகத்துக்கே வந்தது. பிறகு விரலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவ்வளவுதான். இந்த வருஷத்துக்கு முடிஞ்சுது."

"என்னக்கா, அண்ணி பேரை விட்டுட்ட?" என்றான் மாஸ்டர்.

"முடிஞ்சுதுன்னு சொன்னேன்ல."

அவன் குனிந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தான். "அக்கா, அண்ணி பேரைக் காணோம்! வருஷம் இருக்கு, பேரைக் காணோம்! யாரோ திருடிட்டாங்க!"

"பேரை எவன்டா திருடுவான்?"

ஐந்து வருடமாகக் கேட்கக் கூசிய பெயர் இன்றைக்குப் படிக்கப்படவில்லை. நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது. தன்னை விட்டுவிட்டுப் பெயர்கள் முடிந்துபோனது நெஞ்சை அறுத்தது. அழுகையோடு வாயும் திறந்துகொண்டது.

"நான்தான் மூடினேன். எனக்குத் திங்கக்கிழமை கல்யாணம்."

வாசகி அம்மா, உட்காருங்கள். சொல்லிவிட்டாள்.

*

மாஸ்டரின் வலது கால் புல்தரையில் அழுத்திக்கொண்டு நின்றது. என்ன அழுத்தி என்ன, வண்டி போய்விட்டதே.

"யாரு?" என்றான்.

"லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரிக்கு வருவாரு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா வீட்டுக்குள்ள இருந்துட்டு... எங்கண்ணன் கல்லுல மாவைப் பூசி..." அவனுக்கு மூச்சு வாங்கியது. கார்ச் சாவியை எடுத்தான். "இதை இப்பவே சுரண்டி எடுக்கறேன்."

"இரும்பு!" என்றாள் வார்டன்.

"அக்கா, இது மாவுக்கா! கல்லு இல்ல!"

"கல்லுக்குள்ள இருக்கு. இரும்பு படக் கூடாதுன்னா படக் கூடாது. யாருக்காகவும் மாத்த மாட்டேன்."

அவன் சாவியோடு நின்றான். தாத்தாவுக்குப் போட்ட சட்டம், அண்ணிக்குக் காவலாக வந்து நின்றுவிட்டது.

"சரி. நீங்களே ரெண்டு பேரும் பேசிக்கங்க. நான் போறேன்." வெள்ளைக் கோட்டு படபடக்க, நீல உறை சரக் சரக்கென்று உரச, விருட்டென்று போனான்.

பத்து நிமிடத்தில் அதே சரக் சரக்கோடு திரும்பி வந்தான்.

"பூட்டிட்டாங்க" என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். "ஏதோ கொட்டகையில காலையில நாப்பது கோழி செத்துப்போச்சாம். டாக்டர் வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் உள்ள வந்தவங்க வெளிய போகக் கூடாதாம். நாலு மணி ஆகுமாம்."

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

இடுப்பளவுச் சுவர். சுற்றிலும் இருபதாயிரம் கோழியின் முனகல். நடுவே கோட்டும் தொப்பியும் போட்ட மூன்று பேர், முகம் கொடுத்துப் பேச முடியாமல். பல்லுக்காரிக்கு அந்த லிஃப்ட் ஞாபகம் வந்தது. அதில்கூட இவ்வளவு புழுக்கம் இல்லை. அங்கே கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரலாவது இருந்தது.

கொண்டுவந்த சாப்பாட்டை வார்டன் பிரித்துக் கொடுத்தாள். மூவரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு தின்றார்கள்.

முதலில் உடைந்தது மாஸ்டர்தான். அவன் கல்லுளிமங்கன் இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் வயிறு வலிக்கும் ஜாதி.

"சரி அண்ணி, உங்க வாழ்க்கை, நீங்க போங்க. அடுத்த மாசம் அக்காவுக்கு ஆபரேஷன். ஒரு மாசம் நாலு வேளையும் கண்ணுல சொட்டு மருந்து விடணும். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அதை யார் பாப்பா? அந்த லிஃப்ட்காரரா?"

அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. பல்லுக்காரி இத்தனை வாரம் வாயைத் திறக்காததற்குக் கல்லும் காரணமில்லை, கொழுந்தனும் காரணமில்லை. அந்தச் சொட்டு மருந்துதான் காரணம். ராத்திரி தூக்கத்தில்கூட நாலு வேளையை விரல் விட்டு எண்ணியிருக்கிறாள்.

"தேதியைத் தள்ளிப் போட முடியுமான்னு யோசிச்சேன்" என்றாள் மெல்ல. "அவருக்கு மாற்றல் செவ்வாய்க்கிழமை. போனா எப்ப வர முடியும்னு தெரியாது. கேட்டா அவர் சரின்னுதான் சொல்வாரு. அதான் பயமா இருக்கு. அப்புறம் அக்காவுக்கு இன்னொரு கண்ணு, அப்புறம் வேற ஒண்ணு. நான் போகவே மாட்டேன்."

"அப்ப அக்காவை விட்டுட்டுப் போவீங்க."

"டேய்" என்றாள் வார்டன். "நாலு வேளை சொட்டு மருந்துக்கு நீ ஏன் இருக்கக் கூடாது?"

"நானா? எனக்கு காலையில ஆறு மணிக்கே கிளாஸ் இருக்கே."

"அவளுக்கு எட்டு மணிக்கு வேலை. அதைப் பத்தி நீ கேட்டியா?"

மாஸ்டரின் கால் மறுபடி தரையைத் தேடியது.

வார்டன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து தம்பியின் கல் அருகில், கால்மாட்டில், புல்லில் உட்கார்ந்தாள். பிறகு கல்லைப் பார்த்தே பேசினாள்.

"இந்தப் பேரைச் செதுக்கச் சொன்னது நான்தான்."

"தம்பிதான் சொன்னாருன்னு..." என்று மாஸ்டர் பக்கம் திரும்பினாள் பல்லுக்காரி.

"அவன் போய்ச் சொன்னான். சொல்லி அனுப்பினது நான். நீ முப்பத்து நாலு வயசுல கைம்பொண்ணா உக்காந்திருந்தே. பிள்ளை குட்டி இல்லை. என்னைக்காவது ஒருநாள் கிளம்பிப் போயிடுவேன்னு தெரியும். வார்டன் வேலை பாத்தவளுக்கு இதுகூடவா தெரியாது? கேட்டைப் பூட்டினா பிள்ளைங்க சுவர் ஏறிக் குதிப்பாங்க. அதனால கல்லுல போட்டுப் பூட்டினேன்."

வார்டன் பக்கத்துப் புல்தரையைத் தட்டிக் காட்டினாள்.

"நிஜத்துல இது என் இடம். எங்கப்பா எனக்குன்னு சொல்லி வெச்சது. கல்யாணம் ஆகாத பொண்ணு, தம்பி பக்கத்துல இருக்கட்டும்னு. அதைத் தூக்கி உனக்குக் குடுத்தேன். ஊரே என்னைப் பெரிய மனசுன்னு சொல்லிச்சு. பெரிய மனசாவது ஒண்ணாவது. ராத்திரி தாழ்ப்பாள் போட்டதும் உள்ள இன்னொரு மூச்சு கேக்கணும். கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அதுக்காகத்தான் செஞ்சேன்."

"அக்கா..."

"உன் புருஷனுக்கு மூடின கதவே ஆகாது, தெரியுமில்ல? குளியலறைக் கதவைக்கூடச் சாத்த மாட்டான். எத்தனை தடவை அலறியிருக்கேன்!"

"எனக்குத் தெரியாதா?" பல்லுக்காரிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "விருந்தாளி வந்திருக்கும்போதும் அப்படித்தான்."

"அவன் கல்லுலயே உன்னைப் பூட்டினேனே, என்னைச் சொல்லணும்." வார்டன் மூக்கை உறிஞ்சினாள். "கேளு. எனக்குக் கோபமா இருக்கு. ரெண்டு வருஷம் மறைச்சிருக்கே. போன்னு சொல்றேன், ஆனா சந்தோஷமாச் சொல்லலை. அதை எதிர்பாக்காதே."

"எதிர்பாக்கலைக்கா."

"என் இடம் எனக்குத் திரும்பக் கிடைச்சுது, அந்த வகையில எனக்கு லாபம்." விரல் கல்லைத் தடவியது. சூடு ஆறியிருந்தது. விரல் கீழே நழுவி வருடத்தைத் தாண்டி, கோட்டில் போய் நின்றது. "இதை ஏன் விட்டே?"

"அதுக்குள்ள தம்பி கூப்பிட்டுட்டாரு."

"மாவு மிச்சம் இருக்கா?"

இருந்தது. பல்லுக்காரி கரைத்தாள். வருடத்தை மூடிவிட்டுக் கோட்டில் மாவை வைத்ததும் வார்டன் கரண்டியை விலக்கிவிட்டுத் தன் கட்டைவிரலால் அழுத்தி வழித்தாள். வழித்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவு மெல்லச் சூடேறி, மறுபடி ஆறுகிறவரை எடுக்கவில்லை.

மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே சுத்தமாக இருந்த தாத்தாவின் கல்லை மெத்தென்ற பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

*

நாலு மணிக்கு டாக்டர் அனுமதி கொடுத்தார். நோயில்லையாம், கொட்டகையில் காற்றாடி நின்று புழுங்கிச் செத்தவையாம்.

கேட்காரர் பதிவேட்டை விரித்து, உள்ளே வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே விட்டார். முதலில் வார்டன் பெயர். அடுத்து மாஸ்டர் பெயர். மூன்றாவதாக அவள் பெயரை, தலைப்பெழுத்தோடு, சத்தமாக வாசித்தார்.

கல்லுக்கு முன்னால் படிக்கப்படாமல் போன அதே பெயர். கோழிப் பண்ணை கேட்டில், முன்பின் தெரியாத மனிதரின் கரகரத்த குரலில்.

"இருக்கேன்" என்றாள் பல்லுக்காரி. தேவைக்கு அதிகமான சத்தம்தான். கேட்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஃபோனில் ஏழு தடவை *சொல்லியாச்சா?* இருந்தது. *சொல்லியாச்சு* என்று அனுப்பினாள்.

கார் அருகே மாஸ்டர் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏறவில்லை.

"நான் ஓட்டலை" என்றான். "கை நடுங்குது. கை நடுங்கறப்போ வண்டி எடுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லித் தர்றேன்."

"அப்ப சாவியைக் குடுங்க தம்பி."

அவளுக்கு லைசென்ஸ் உண்டு. வாங்கிக் கொடுத்ததே அவன்தான். வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து ஒருமுறைகூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை, அது வேறு கதை. சாவியைக் கொடுத்துவிட்டு, வழக்கம் மாறாமல் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். வார்டன் பின்னால்.

"நாளைக்கு அந்த லிஃப்ட்காரரை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு" என்றாள் வார்டன், கதவைச் சாத்தியபடி. "முகம் தெரியாட்டியும் குரல் கேக்குமில்ல எனக்கு. கேட்டுட்டு முடிவு பண்றேன்."

"என்ன முடிவுக்கா?" என்றாள் பல்லுக்காரி. போ என்று சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன முடிவு?

வார்டன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பல்லுக்காரி சாவியைத் திருப்பினாள். கியர் போட்டாள். கிளட்சை மெதுவாக விட்டாள், அவன் சொல்லித் தந்தபடியே. என்ஜின் உறுமியது, கார் நகரவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். உறுமல் கூடியது, அவ்வளவுதான்.

குனிந்து பார்த்தாள். மாஸ்டரின் வலது கால், தன் பக்கத்து பிரேக்கை அடிமட்டம்வரை மிதித்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது.

"அண்ணனும் போயிட்டான்" என்றான். "நீங்களும் போனா, அந்த வீட்ல என்னை 'வாங்க தம்பி'ன்னு கூப்பிட யாரு அண்ணி இருக்கா?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கி நடந்தாலும் பேருந்து நிற்கிற இடத்துக்கு ஐந்து மைல்.

"டேய்" என்றாள் வார்டன் பின்னாலிருந்து. விடுதியில் முந்நூறு பெண்களை நடுங்கவைத்த குரல் இல்லை அது. "காலை எடு."

அவன் எடுக்கவில்லை.

"தம்பி. பூட்டை நானே எடுத்துட்டேன். நீயும் காலை எடு."

கார் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. பண்ணையின் சுவர் முடிந்து பெரிய சாலை வந்தது. பல்லுக்காரி இரண்டாவது கியர் போட்டாள், மூன்றாவது போட்டாள். ஒவ்வொரு வளைவிலும் கண் தானாகக் கீழே போயிற்று. மாஸ்டரின் கால் பிரேக்கில் இல்லை. ஆனால் தரையிலும் இல்லை. பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே, அந்தரத்தில், அப்படியே நின்றுகொண்டிருந்தது.